குறுவை முடியும் வரை ஓர் ஒப்பந்தம்

அந்த அம்மாளின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், "என்னைக் கேக்காம எப்படிப் போட்டீங்க சின்னப்பண்ணை?" என்று எங்கிருந்தாவது ஆள் அனுப்பிவிடுவார். செத்துப் போனவர் எப்படி ஆள் அனுப்புவார் என்று நீங்கள் கேட்டால், உங்களுக்கு அவரைத் தெரியாது என்று அர்த்தம்.

திருவாரூருக்குத் தெற்கே எங்கள் ஊர். அவர் அங்கே நடவுப் பெண்களுக்குத் தலைவி. நான் எதிர்த்தரப்பு, அதாவது நிலத்துக்காரன். 'சின்னப்பண்ணை' என்பது என் அப்பா காலத்துப் பட்டம். அப்பா போய், நிலம் பாதியாகி, என் தலை வெளுத்து, பண்ணை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் மிச்சமில்லாத பிறகும் அவர் என்னை அப்படித்தான் கூப்பிட்டார். மரியாதைக்கு என்று நினைத்துவிடாதீர்கள். ஊர் நடுவே என்னை நிற்கவைத்துச் சீண்டுவதற்கு.

அவருடைய ஒரே தொழில் நடவு என்பார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவருடைய தொழில் பேரம். கோரிக்கை இல்லாமல் அவர் ஒரு வரப்பைக்கூடத் தாண்டியதில்லை.

எனக்கு இருபத்தைந்து வயதிருக்கும்போது அப்பா முதல் முறையாகப் பண்ணையை என் கையில் விட்டார். ஆடி மாதம். வாய்க்காலில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு வருகிறது, நாற்றைப் பறித்துக் கட்டுக் கட்டாக முடிந்து வயலெல்லாம் வீசியாகிவிட்டது. முப்பது பெண்கள் வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். "எறங்குங்கடி" என்று அதட்டினேன். நடுவில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து வந்தார். கோரிக்கைகள் ஐந்து என்றார். பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் டீ வர வேண்டும். கைக்குழந்தைகளுக்குத் தூளி கட்ட மோட்டார் கொட்டகையைத் திறந்துவிட வேண்டும். மதியச் சோற்றுக்குப் பிறகு கொஞ்சம் தலை சாய்க்க விட வேண்டும். இனிமேல் யாரையும் 'அடி' போட்டுக் கூப்பிடக் கூடாது, 'வாங்க' என்றுதான் சொல்ல வேண்டும். ஐந்தாவது, வரப்பில் பிடிக்கிற நண்டு அவர்களுக்கு. அதை வறுக்க எண்ணெய் எங்கள் வீட்டிலிருந்து வர வேண்டும்.

"எண்ணெயா? நடக்கவே நடக்காது!" என்று குதித்தேன்.

அவர் முகம் வாடிப்போயிற்று. பெண்கள் பக்கம் திரும்பி வெகுநேரம் குசுகுசுத்தார். பிறகு, பெரிய இடத்தில் பெண்ணைக் கட்டிக்கொடுக்கிறவர் மாதிரி ஒரு பெருமூச்சு விட்டார். "சரி. புதுசா வந்திருக்கீங்க. உங்க மனசு நோக வேணாம். எண்ணெய விட்டுடறோம். மத்த நாலும்?"

"அதெல்லாம் செய்யலாம்" என்றேன். ஜெயித்துவிட்ட தோரணையில் வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. விட்டுக்கொடுப்பதற்கென்றே ஒரு கோரிக்கையை அந்த அம்மாள் எப்போதும் கடைசியில் வைப்பார் என்று எனக்குப் புரிய ஆறு வருஷம் ஆயிற்று.

முதல் நாள் டீயை என் வீட்டில் கொட்டாங்கச்சியோடு அனுப்பினார்கள். அந்தக் காலத்து வழக்கம். நானும் அதில் தப்பு இருப்பதாக நினைக்கவில்லை. அவர் டீயை வாங்கி அப்படியே வாய்க்காலில் ஊற்றினார். "மீனுக்குக் குடுத்தேன். அதுங்களுக்குக் கிளாஸ் வேணாம்" என்றார். மறுநாள் கண்ணாடி கிளாஸ் போயிற்று. இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் எழுதாவிட்டால் அவரைப் பற்றிச் சொன்னதாகாது.

அவை நல்ல வருஷங்கள் அல்ல. எங்கள் பக்கத்தில் சில ஊர்களில் கூலிப் பேச்சு அரிவாளில் போய் முடிந்தது, குடிசைகள் எரிந்தன, போலீஸ் வேன் களத்திலேயே நின்றது. எங்கள் ஊர் தப்பியதற்கு என் நல்ல குணம் காரணமில்லை. அந்த அம்மாள் சண்டையை வயலிலிருந்து தாலுகா ஆபீசுக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவார். அவர்கள் ஒரு தரப்பு, நாங்கள் ஒரு தரப்பு, நடுவில் தாசில்தார். முத்தரப்புப் பேச்சுவார்த்தை. தாசில்தார் அறைச் சுவரில் தேர்தலுக்குத் தேர்தல் முதலமைச்சர் படம் மாறும். அந்த அம்மாள் உள்ளே வந்ததும் படத்துக்கு ஒரு கும்பிடு போட்டு, "புதுசா வந்திருக்கீங்க, கொஞ்சம் எங்க பக்கமும் பாருங்க" என்பார். தாசில்தாருக்குச் சிரிப்பை அடக்க முடியாது. அத்துடன் பாதிப் பேச்சு எங்கள் கையைவிட்டுப் போய்விடும்.

ஒப்பந்தத்தை எழுதுவது என் வேலை. என் கையெழுத்து அழகாக இருக்கும். கடைசி வரியாக, 'இந்த ஒப்பந்தம் நடப்புப் பருவத்துக்கு மட்டும் செல்லும்' என்று எழுதாமல் அவர் கைநாட்டு வைக்க மாட்டார். "அடுத்த போகத்துக்கு அடுத்த பேச்சு. நீங்க பாட்டுக்கு ஒரே கயித்துல ஏழு வருஷம் கட்டிப்போட்டுடுவீங்க" என்பார்.

இப்படி நாற்பது வருஷம் போயிற்று. நடவு மிஷின் வந்தது. பெண்கள் நூறு நாள் வேலையில் ஏரி வெட்டப் போனார்கள். நான் பேரம் பேச ஆளில்லாமல் உட்கார்ந்திருந்தேன். உண்மையைச் சொன்னால், ஆடி பிறந்தால் எனக்குக் கை அரிக்கும்.

அப்போதுதான் அவர் மகள் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "அம்மா உங்கள வரச் சொல்லுச்சுங்க. பேச்சுவார்த்தையாம். எதிர்த்தரப்புக்கு ஆள் வேணுமாம்."

கர்ப்பப்பை வாயில் கேன்சர் என்றும், தஞ்சாவூரில் கதிர்வீச்சு, ஊர்ப் பேச்சில் கரண்டு, வைத்தார்கள் என்றும் எனக்குத் தெரியும். அது திரும்ப வந்து இடுப்பெலும்பில் உட்கார்ந்துவிட்டது என்று தெரியாது. வாய்க்காலைத் தாண்டி அவர் வீட்டுக்குள் நான் நுழைந்தது அன்றுதான் முதல் முறை. அரசாங்கம் கொடுத்த டிவிக்குப் பக்கத்தில் கட்டில். நாலு முழப் பெண் இரண்டு முழமாகியிருந்தார். மகன் சிங்கப்பூரில் என்ஜினீயர். லீவில் வந்திருந்தான். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றான். நாற்காலியில் ஒரு பெண் டாக்டர். வீடு வீடாக வேனில் வந்து வலிக்கு மருந்து கொடுக்கிறவர். எங்கள் பக்கத்தில் அவரை 'வலி டாக்டர்' என்றே சொல்வார்கள்.

மகள் டீ கொண்டுவந்து கொடுத்தாள். கண்ணாடி கிளாஸ்தான். நான் குடித்து முடிக்கும்வரை அந்த அம்மாள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப ஆரம்பிக்கலாம்" என்றார். "டாக்டரம்மாதான் தாசில்தாரு. எம் பையன் மிராசு தரப்பு. அவனுக்குப் பேசத் தெரியாது, அதனால நீங்க கூட ஒக்காருங்க. எழுதவும் வேணும்."

"நான் எதுக்குங்க இதுல?" என்றேன்.

"நீங்க கஞ்சன். முன்கோவி. ஆனா கையெழுத்துப் போட்டா மீற மாட்டீங்க. இந்த ஊர்ல அப்படி ஆள் வேற யாரு?"

நாற்பது வருஷத்தில் அவர் என்னைப் பாராட்டியது அது ஒன்றுதான். என் காது சூடாகிவிட்டது.

சண்டை என்னவென்றால், மகன் திருச்சியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் படுக்கை சொல்லிவைத்திருந்தான். "சார், நான் சம்பாதிக்கிறதே இதுக்குத்தானே? ஐசியூல வச்சுப் பாப்போம். வீட்லயே வச்சுச் சாகடிச்சான்னு ஊர் பேசாதா?" என்று என்னிடம் முறையிட்டான்.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "நோய் இனிமே போகாது தம்பி. ஐசியூல மிஷின் வச்சா சில நாள் நீளலாம். அந்த நாள்ல அவங்க வாயில குழாய் இருக்கும், உங்ககூடப் பேச முடியாது. வீட்ல இருந்தா வலியில்லாம வச்சுக்க எங்களால முடியும். நாங்க வைத்தியத்த விடல. வைத்தியத்தோட வேலையத்தான் மாத்தறோம். எது வேணும்னு சொல்ல வேண்டியது அவங்க."

"கேட்டுக்கிட்டியா? சொல்ல வேண்டியது நானு" என்று அந்த அம்மாள் தொடங்கினார்.

ஆஸ்பத்திரி, குழாய், மிஷின் மூன்றும் கூடாது. கட்டிலை வாய்க்கால் தெரிகிற பக்கமாகப் போட வேண்டும். டாக்டர் எதைச் சொன்னாலும் முதலில் தன்னிடம் சொல்ல வேண்டும். மகன் அவரை வெளியே கூட்டிப்போய்க் கிசுகிசுப்பது நிற்க வேண்டும். பிறகு மருந்து. டாக்டர் கொடுத்த மார்ஃபின் மாத்திரையை மகன் இணையத்தில் பார்த்துப் பயந்து, 'அது போதை, ரொம்ப முடியாம அழுதா மட்டும் குடு' என்று தங்கையிடம் சொல்லியிருந்தான். இந்த அம்மாள் யார் முன்னால் அழுதார்? பத்து நாளாக மாத்திரை டப்பாவிலேயே கிடந்தது.

"வலி வந்தப்புறம் மருந்து குடுக்கிறது, பயிரு காஞ்சப்புறம் மடை தெறக்கிற மாதிரி" என்றார் அவர். "மணிப்படி குடுக்கணும்."

டாக்டர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "இதத்தான் நான் பத்து நாளாச் சொல்றேன்! நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை, வலி வர்றதுக்கு முன்னாடியே குடுக்கணும். இப்படிக் குடுத்தா அது போதையும் இல்ல, ஆளைக் கொல்றதும் இல்ல. மலச்சிக்கல் ஆகும், அதுக்கும் மருந்து இருக்கு."

"அதையும் எழுதுங்க சின்னப்பண்ணை. வெளிக்கி போகறத்துக்கும் மருந்து. வெக்கப்படாம எழுதுங்க."

எழுதினேன். நான் எழுதியதிலேயே அழகான எழுத்து அந்த வரிதான் என்று பிற்பாடு டாக்டர் சொன்னார்.

கடைசிக் கோரிக்கையை அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தி வைத்தார். "நான் செத்தா எங்க நடவுப் பொண்ணுங்க ஒப்பாரி வைக்கும். எப்படி வைக்கும்னு எனக்குத் தெரியாமப் போயிடும். அதனால உசுரோட இருக்கறப்பவே ஒரு தடவ வச்சுக் காட்டணும்."

எனக்குப் புரிந்துவிட்டது. நண்டு எண்ணெய். மகன் இதை மறுப்பான், இவர் பெருமூச்சு விட்டு விட்டுக்கொடுப்பார், மற்றதெல்லாம் நிறைவேறும். நான் பேனாவை மூடிவைத்துக் காத்திருந்தேன். பையன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறவன். அவனுக்கு நண்டு தெரியாது. கண் கலங்க, "சரிம்மா, இது ஒண்ணு தர்றேன். ஆஸ்பத்திரி மட்டும் வந்துடு" என்றான்.

அந்த அம்மாள் திகைத்துப் போனதை என் வாழ்க்கையில் அன்றுதான் பார்த்தேன். பிறகு ஒன்றரை மணி நேரம் பேசினோம். எதிர்த்தரப்பில் உட்கார்ந்திருந்த நான் முதல் முறையாக அவர் பக்கம் பேசினேன். கடைசியில் மகன் இறங்கி வந்தான். ஆனால் கொடுத்த கோரிக்கையைத் திரும்ப வாங்க முடியாதே?

அடுத்த வெள்ளிக்கிழமை பதினெட்டு பெண்கள் வந்து கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஆரம்பத்தில் யாருக்கும் வாய் வரவில்லை. "கூலி குடுத்தாத்தான் பாடுவீங்களா?" என்று அதட்டியதும் ஒருத்தி எடுத்தாள், மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். அவர் நடுவில் கையமர்த்தி, "என்னைத் தங்கம்னு சொல்லாதீங்கடி, உங்கள யாரும் நம்ப மாட்டாங்க. சின்னப்பண்ணைய அழ வச்சவள்னு பாடுங்க" என்று திருத்தினார். அழுத கண்ணோடு எல்லோரும் சிரித்தார்கள். சத்தம் வாய்க்காலைத் தாண்டிப் போக, பக்கத்து ஊர்ச் சம்பந்தி ஒருவர் மாலையோடு ஓடி வந்துவிட்டார். பிணம் எழுந்து உட்கார்ந்து, "வாங்க, டீ குடிங்க" என்றது. அவர் மாலையை வைக்க இடம் தெரியாமல் முழித்துவிட்டுக் கடைசியில் கதவில் மாட்டிவிட்டுப் போனார்.

மருந்து மணிப்படி போனது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தவர், ஒரு வாரத்தில் சாய்ந்து உட்கார்ந்து வாய்க்காலில் போகிறவர்களை வம்புக்கிழுக்க ஆரம்பித்தார். இரண்டு மாதம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மகன் சிங்கப்பூர் போய்விட்டான். இரண்டு மாதம் முடிந்தது, மூன்றும் முடிந்தது. குறுவை அறுப்பும் முடிந்தது. இவர் நண்டு வறுத்துத் தரச் சொல்லித் தின்றுகொண்டிருந்தார்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் மகன் வந்து இறங்கினான். வாசலில் வாடகைக் கார். என்னைக் கூப்பிட்டு அனுப்பி, செல்போனில் ஒப்பந்தத்தின் போட்டோவைக் காட்டினான்.

"கடைசி வரியப் படிங்க சார்."

படித்தேன். 'இந்த ஒப்பந்தம் நடப்புக் குறுவைப் பருவத்துக்கு மட்டும் செல்லும்.' நாற்பது வருஷப் பழக்கம். கை தானாக எழுதியிருக்கிறது. டாக்டரும் கவனிக்கவில்லை.

"குறுவை முடிஞ்சுடுச்சு. அம்மாவை இன்னிக்கே திருச்சிக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றான்.

போன வாரத்திலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை, குரல் கம்மிவிட்டது. அந்த உடம்பைக் காரில் போட்டு ஆட்டிக்கொண்டு போய்க் குழாய் சொருகினால், அதற்கு நான் எழுதிய ஒரு வரிதான் காரணமாகும். அவரோ கட்டிலில் கிடந்து சிரிக்கிறார். சிரித்துச் சிரித்து இருமுகிறார். "எம் புள்ளைய நல்லாப் படிக்க வச்சிருக்கேன் பாத்தீங்களா! கெடு முடிஞ்சுதுன்னா முடிஞ்சுதுதான். அடுத்த போகத்துக்கு அடுத்த பேச்சு. ஒக்காருடா. டாக்டரம்மாவுக்குப் போன் போடு."

டாக்டர் வந்ததும் அந்த அம்மாள் வாயெடுத்தார். மகன் மறித்தான்.

"இந்தத் தடவ கோரிக்கை என்னுதும்மா. ஒண்ணே ஒண்ணு."

எதிர்த்தரப்பிலிருந்து கோரிக்கை வந்து அவர் கேட்டதே இல்லை.

"எனக்கு வலிக்குதுன்னு எங்கிட்ட நீ ஒரு தடவயாவது சொன்னியா?" அவன் குரல் உடைந்தது. "தெனம் போன் பண்றேன். நண்டு தின்னேங்கிற, அவன கிண்டல் பண்ணேன், இவன விரட்டினேங்கிற. தங்கச்சிதான் சொல்லுது, நீ பல்லக் கடிச்சுக்கிட்டுக் கெடந்தேன்னு. உனக்கு என்ன பண்ணுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? ஆஸ்பத்திரில மிஷினாவது சொல்லும்மா. அதுக்குத்தான் நான் அங்க ஓடறேன்."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய கேலியை நாற்பது வருஷம் ரசித்தவன் நான். அதற்குப் பின்னால் என்ன இருந்தது என்று எனக்கும் தோன்றியதில்லை.

"ஒரு நாளைக்கு ஒரு தடவ சொல்றேன்" என்றார் அவர், மெதுவாக.

"அஞ்சு தடவ."

"ரெண்டு."

"மருந்து குடுக்கறப்பல்லாம் சொல்லணும். கூட்டியும் சொல்லக் கூடாது, கொறச்சும் சொல்லக் கூடாது."

டாக்டர் நடுவில் புகுந்தார். "பத்துக்கு எவ்வளவுன்னு நம்பர்ல சொல்லுங்கம்மா. வலியே இல்லேன்னா சைபர், தாங்கவே முடியலேன்னா பத்து. அத வச்சுத்தான் நான் மருந்தைக் கூட்டுவேன், கொறைப்பேன்."

அவர் கூரையைப் பார்த்தார். மகனைப் பார்த்தார்.

"ஏழு" என்றார்.

அவன் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டான். முகம் கழுவிக்கொண்டு திரும்பி வர வெகுநேரமாயிற்று. டாக்டர் அன்றே மருந்தைக் கூட்டினார். கார் திரும்பிப் போயிற்று. புதிய ஒப்பந்தத்தில் நான் கடைசி வரியே எழுதவில்லை. அந்த அம்மாளும் கேட்கவில்லை.

மகன் சம்பளமில்லா லீவு போட்டுவிட்டுக் கட்டிலடியிலேயே இருந்தான். அவனே நேரம் பார்த்து மருந்து கொடுப்பான், அவனே கேட்பான். ஐந்து என்பார், மூன்று என்பார், ஒரு நாள் திரும்ப ஆறு என்பார். அவன் நோட்டில் குறித்து டாக்டருக்குப் படிப்பான். அந்த அம்மாளின் கேலி குறையவில்லை. ஆனால் நம்பர் சொல்லும்போது மட்டும் கேலி செய்ய மாட்டார். மாத்திரை விழுங்க முடியாமல் போனபோது அதைக் கரைத்துக் கன்னத்துக்குள் சொட்டு சொட்டாக விட டாக்டர் அவனுக்குக் கற்றுக்கொடுத்தார். மூச்சு நின்று நின்று வரும் என்றும், அப்போது பயந்து ஓடக் கூடாது என்றும் எங்கள் எல்லோரிடமும் முன்பே சொல்லிவைத்திருந்தார்.

மார்கழியில் ஒரு காலை அது வந்தது. நான் போனபோது வீடு நிறைய ஆட்கள். ஒரு மூச்சு வருகிறது, பிறகு வரவில்லை. நான் மனதுக்குள் எண்ணுகிறேன், பத்து வரை எண்ணிவிட்டேன், அப்புறம்தான் அடுத்தது வருகிறது. சம்பந்தி கார் கொண்டுவந்து வாசலில் நிறுத்தியிருந்தார். "பெத்த தாய்டா! பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கியே" என்று யாரோ கத்தினார்கள். மகன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். எனக்கு என்ன ஆயிற்றோ தெரியாது.

"தூக்குப்பா. திருச்சிக்கே போயிடலாம்" என்றேன்.

ஆமாம், நான்தான் சொன்னேன். மீற மாட்டேன் என்று அவர் நம்பிக் கூப்பிட்ட அதே ஆள்.

அவன் அம்மாவின் காதுக்கருகே குனிந்தான். "அம்மா. எவ்வளவும்மா?"

உதடு அசைந்தது. அவன் இன்னும் குனிந்து கேட்டான். நிமிர்ந்தபோது அவன் முகத்தில் பயம் போயிருந்தது.

"ஒண்ணுதான் சார். எங்கம்மா என்கிட்டப் பொய் சொல்லாது. எங்கயும் போக வேணாம்."

அந்த அம்மாள் ஒரு கண்ணைத் திறந்தார். மகனைப் பார்க்கத்தான் என்று நினைத்தேன். இல்லை, என்னைத்தான். நான் குனிந்தேன்.

"கையெழுத்துப் போட்டவரு..." என்றார். மூச்சு நின்றது. திரும்ப வந்தது. "...மீறப் பாக்கறீங்களே, சின்னப்பண்ணை."

"தப்புதாங்க" என்றேன். எல்லோர் முன்னாலும் அழுதேன். பிறகு எழுந்து வாசலுக்குப் போய், சம்பந்தியிடம் சண்டை போட்டு, அந்தக் காரை நானே திருப்பி அனுப்பினேன். உள்ளே வந்தபோது மகன் நனைந்த பஞ்சால் அவர் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான், வாய்க்கால் அவருக்குத் தெரிகிற மாதிரி யாரோ சன்னலை அகலத் திறந்துவைத்திருந்தார்கள், மதியம் வரை அவர் எங்களோடு இருந்தார்.